மண்டியிட்டவர் யார்?

அடித்தவன் மறந்து விடுவான், அடிபட்டவன் மறவான். இவ்வுண்மையை அறியாதவன் தன் வாயாலேயே தனக்குக் குழி தோண்டிக் கொள்வான். அவ்வாறு தோண்டப்பட்ட ஒரு குழியின் வரலாறே இது.

1976ஆம் ஆண்டு சூன் திங்களில், இங்கிலாந்துக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் இடையே ஐந்து ஆட்டங்கள் கொண்ட மட்டைப்பந்துத் தொடர் தொடங்கவிருந்தது. கிரிக்கெட்டு என்று பெயரிட்டு, தன் ஆட்சி பரவிய இடமெல்லாம் ஆங்கிலேயன் கொண்டு சென்ற அதே ஆட்டந்தான். ஒவ்வோர் ஆட்டமும் ஐந்து நாள் நீளும். முதல் ஆட்டத்திற்கு முன்னதாக, இங்கிலாந்து அணித் தலைவர் அந்தோணி கிரெய்க் பிபிசி தொலைக்காட்சியில் தோன்றினார். மேற்கிந்தியர் மேலோங்கி நிற்கையில் சிறப்பாக ஆடுவர் என்றும், தாழ்வுற்றால் துவண்டு விழுந்து விடுவர் என்றும் கூறி, அவர்களைத் தாம் மண்டியிட்டுத் தவழச் செய்யப் போவதாக அறிவித்தார்.

சொன்னவர் யார்? தென்னாப்பிரிக்காவில், வெள்ளையர் குடியில் பிறந்து வளர்ந்து, பின் இங்கிலாந்துக்கு வந்து அந்நாட்டு அணிக்கே தலைவரானவர். எந்த நாட்டில் கருப்பர்க்கு வாக்குரிமை இல்லையோ, எந்த நாட்டில் கருப்பன் எந்தத் தெருவில் குடியிருக்கலாம், எந்த வண்டியில் ஏறலாம், எந்த இருக்கையில் அமரலாம் என்பதையெல்லாம் வெள்ளையன் வகுத்து வைத்திருந்தானோ, அந்த நாட்டு மண்ணின் ஒலிப்பு அவர் நாவில் அப்படியே இருந்தது.

யாரைச் சொன்னார்? ஆப்பிரிக்கக் கரைகளிலிருந்து கப்பலின் அடித்தட்டில் விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டு, கரும்புத் தோட்டங்களில் சாட்டையடி பட்டவர்களின் வழிவந்தோரைச் சொன்னார். அடிமை முறை ஒழிந்தபின், கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் அதே தோட்டங்களுக்குக் கூலிகளாக ஏற்றிச் செல்லப்பட்டவர்களின் வழிவந்தோரையும் சேர்த்தே சொன்னார். ஆல்வின் காளிச்சரண் அவ்வணியில் ஆடியவர் அன்றோ! சொன்னவர்க்கு அஃது ஒரு பேச்சு. கேட்டவர்க்கோ, அது பாட்டன் முதுகில் இருந்த தழும்பு.

“அது வாய்தவறி வந்த சொல், ஆட்டம் வேறு, அரசியல் வேறு, திடலுக்குள் இனத்தையும் நிறத்தையும் இழுத்து வராதீர்” என்று அன்று தொட்டு இன்று வரை ஒரு சாரார் அறிவுரை கூறி வருகின்றனர். இவ்வறிவுரையை எப்பொழுதும் அடித்தவன் பக்கத்தில் நிற்போரே அடிபட்டவனுக்குக் கூறுவர் என்பது கருதத்தக்கது. திடலுக்குள் நிறத்தை முதலில் இழுத்து வந்தவர் யாவர் என்று வரலாற்றையே கேட்போம்.

1833இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டம் இயற்றியது. இரண்டு கோடிப் பவுண்டு இழப்பீடாக ஒதுக்கியது. யாருக்கு? தலைமுறை தலைமுறையாக உழைப்பைப் பறிகொடுத்த அடிமைக்கா? இல்லை, அடிமையை இழந்த ஆண்டைக்கு! உழைத்தவனுக்கு ஒரு செப்புக்காசும் இல்லை. அவ்விழப்பீட்டுக்காக வாங்கிய கடனின் எச்சம் முற்றிலும் அடைபட்டது 2015ஆம் ஆண்டில்தான். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து இங்கிலாந்துக்குக் குடியேறி, தொடர்வண்டித் துறையிலும் மருத்துவமனைகளிலும் உழைத்தவர் கட்டிய வரியிலிருந்தும், தம் பாட்டனை அடித்த ஆண்டைக்குக் கொடுத்த தொகையின் கடன் கழிக்கப்பட்டது என்பதே இதன் பொருள். இதனினும் பெரிய ஒருதலை ஆட்டம் உலகில் எங்கேனும் ஆடப்பட்டதுண்டா?

மட்டைப்பந்துத் திடலில் நடந்தது என்ன? மேற்கிந்திய அணி 1928இல் முதன்முதலாக ஐந்து நாள் ஆட்ட நாடுகளின் வரிசையில் சேர்க்கப்பட்டது. ஓட்டங்களைக் குவித்தவரும் பந்து வீசித் தோள் தேய்ந்தவரும் கருப்பர். தலைமை மட்டும் வெள்ளையர்க்கு! சார்ச்சு எட்லி என்னும் ஒப்பற்ற மட்டையாளர்க்கு 1948இல் ஒரே ஓர் ஆட்டத்தில் தலைமை தரப்பட்டது. பின் மீண்டும் வெள்ளையரே வந்தனர். திரினிடாடில் சி. எல். ஆர். சேம்சு என்னும் எழுத்தாளர் தம் இதழில் இம்முறைகேட்டை இடித்துரைத்துப் போராடிய பின்னரே, 1960இல் பிராங்கு வோரல் என்னும் கருப்பர் ஒரு முழுத் தொடருக்குத் தலைவராக அமர்த்தப்பட்டார். முப்பத்திரண்டு ஆண்டுகள் கருப்பனுக்குத் தலைமை தாங்கத் தெரியாது என்று கருதியிருந்தது யார்? திடலுக்குள் நிறம் வந்தது எவர் வழியாக?

1968இல் நடந்ததையும் காண்க. தென்னாப்பிரிக்காவில் கலப்பினத்தவராகப் பிறந்ததனால் அந்நாட்டு அணியில் இடம் மறுக்கப்பட்டு, இங்கிலாந்துக்கு வந்து அந்நாட்டுக்காக ஆடினார் பேசில் தொலிவேரா. ஓவல் திடலில் ஆத்திரேலியாவுக்கு எதிராக 158 ஓட்டங்கள் குவித்தார். அதன்பின்னும், தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லவிருந்த இங்கிலாந்து அணியில் அவர் பெயர் இல்லை. எதிர்ப்புக் கிளம்பியது, ஒருவர் விலகியதால் ஏற்பட்ட வெற்றிடத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. உடனே தென்னாப்பிரிக்க வெள்ளையராட்சி அவ்வணியை வர விடாது தடுத்தது. ஒரு மாந்தன் மட்டை பிடிப்பதைக்கூட நிறம் பார்த்துத் தடுத்த அரசுகள் அரசியல் நடத்தவில்லையாம். அதற்கு மறுமொழியாகப் பந்து வீசியவன் அரசியல் நடத்தினானாம்! நன்று இவர்தம் நயன்மை!

அந்தோணி கிரெய்க் மண்டியிடச் செய்வேன் என்று கூறிய அதே சூன் திங்களின் 16ஆம் நாளை உலகம் மறந்திருக்க முடியாது. தென்னாப்பிரிக்காவின் சொவேட்டோவில், கருப்பின மாணவர் பல்லாயிரவர் தெருவில் இறங்கினர். அவர்கள் கேட்டது என்ன? பொன்னா? மணியா? ஆளும் வெள்ளையரின் ஆப்பிரிக்கான்சு மொழியில்தான் கணக்கும் பிற பாடங்களும் கற்க வேண்டும் என்று திணிக்கப்பட்டதை நீக்குமாறு கேட்டனர். காவலர் துப்பாக்கியால் விடை கூறினர். பன்னிரண்டே அகவையுடைய எக்தர் பீட்டர்சன் என்னும் சிறுவன் குண்டுபட்டு மாண்டான். அவனைக் கைகளில் ஏந்தி ஓடும் மாணவனின் படம் உலகெங்கும் பரவியது. மறுநாள், சூன் 17 அன்று, இலண்டன் இலார்ட்சு திடலில் இரண்டாம் ஆட்டம் தொடங்கியது. மொழித் திணிப்புக்கு எதிராக மாண்ட சிறுவனின் குருதி உலருமுன், அதே நாட்டு வெள்ளையர் குடியில் பிறந்தவரின் சொல் மேற்கிந்தியரின் செவியில் ஒலித்துக் கொண்டிருந்தது. இரண்டையும் பிரித்துப் பார் என்றால், எவ்வாறு பிரிப்பது?

முதல் இரண்டு ஆட்டங்களும் வெற்றி தோல்வியின்றி முடிந்தன. மூன்றாம் ஆட்டம் மான்செசுட்டர் நகரின் ஓல்டு திராபோர்டு திடலில் சூலை 8ஆம் நாள் தொடங்கியது. முதலில் ஆடிய மேற்கிந்திய அணி தொடக்கத்திலேயே தடுமாறி 211 ஓட்டங்களுக்கு அடங்கியது. அவற்றுள் 134 ஓட்டங்கள் பார்படோசில் பிறந்த கார்டன் கிரினிட்சு என்னும் ஒரே மட்டையாளருடையவை. தாழ்ந்தால் துவள்வர் என்றாரே, துவண்டனரா? மைக்கேல் ஓல்டிங், ஆண்டி இராபர்ட்சு, வெயின் தானியல் என்னும் மூன்று விரைவுப் பந்து வீச்சாளர் இங்கிலாந்தை 71 ஓட்டங்களில் சுருட்டினர். ஓல்டிங் 17 ஓட்டங்களே கொடுத்து ஐவரை வீழ்த்தினார். மீண்டும் ஆடிய மேற்கிந்தியர், கிரினிட்சின் 101, விவியன் இரிச்சர்ட்சின் 135 ஆகியவற்றோடு ஐவரை மட்டும் இழந்து 411 எடுத்து ஆட்டத்தை முடித்துக் கொண்டனர். இங்கிலாந்து எடுக்க வேண்டியவை 552, எடுத்தவை 126. இராபர்ட்சு 37 ஓட்டங்களுக்கு அறுவரை வீழ்த்தினார். 425 ஓட்டங்களில் மேற்கிந்தியர் வென்றனர்.

இங்கிலாந்தின் பதினொருவர் இரு முறையும் ஆடிச் சேர்த்த ஓட்டங்கள் 197. கிரினிட்சு ஒருவரே சேர்த்தவை 235. ஒருதலை ஆட்டம் என்றால் இதுவே ஒருதலை ஆட்டம்!

மெய்யை மறைப்பது மறவர்க்கு அழகன்று. அவ்வாட்டத்தின் மூன்றாம் நாள் மாலை நடந்ததை ஒளிக்காமல் கூறவேண்டும். 45 அகவை நிரம்பிய பிரையன் குளோசும் 39 அகவை நிரம்பிய சான் எட்ரிச்சும் இங்கிலாந்துக்காகக் களமிறங்கினர். அந்நாளில் தலைக்கவசம் இல்லை. எண்பது நிமையம் வரை பந்துகள் நெஞ்சையும் விலாவையும் தோளையும் தாக்கின. நடுவர் ஓல்டிங்கை எச்சரித்தார். குளோசு துடித்தார், ஆயினும் ஒதுங்கவில்லை, ஆட்டமிழக்காமலே அன்று வெளியேறினார். பகைவனாயினும் அவர் நின்ற நிலை போற்றத்தக்கது. புறமுதுகிடுவோர் மீது படை ஓச்சாமையைத் தழிஞ்சி என்று துறை வகுத்துப் பாராட்டிய மொழியில், எதிர்த்து நின்றவனின் மறத்தைப் பழிக்கச் சொல் இல்லை. அதே ஆண்டு ஏப்பிரல் திங்களில் கிங்சுடன் நகரில் இந்திய அணியினர் பலர் அடிபட்டு, ஐவர் மட்டை பிடிக்க வர இயலாமற் போனதும் மறைக்கத்தக்கதன்று. புண்பட்ட உடலைக் கண்டு மகிழ்வது விடுதலை உணர்வும் ஆகாது. மாந்தப் பண்பும் ஆகாது.

ஆனால், “ஆட்டத்தின் அழகைக் கெடுத்தனர், அச்சுறுத்தி வென்றனர்” என்று மேற்கிந்தியரை மட்டும் குற்றக் கூண்டில் ஏற்றுவோரை ஒன்று கேட்க வேண்டும். உடலைக் குறிவைத்து வீசும் முறையைப் போர்முறையாகவே வகுத்து, 1932–33இல் ஆத்திரேலியாவில் நடத்திக் காட்டியவன் எவன்? இங்கிலாந்தின் தலைவர் சார்டின், வீசியவர் இலார்வுட்டு. அன்று தாயகத்திலிருந்த ஆங்கிலேயர் பலர் அதைச் சூழ்ச்சித் திறன் என்று மெச்சினர். ஆத்திரேலியர் அழுகுணிகள் என்று ஏளனம் செய்தனர். 1933இல் அதே ஓல்டு திராபோர்டு திடலில் மேற்கிந்தியராகிய கான்சுடன்டைனும் மார்ட்டின்டேலும் அம்முறையை இங்கிலாந்தின் மீதே திருப்பினர். ஆங்கில மட்டையாளர் ஆமண்டின் மோவாய் கிழிந்தது. அதன் பின்னரே அம்முறை நேர்மையற்றது என்னும் எண்ணம் இங்கிலாந்தில் வலுத்து, ஒழுங்குமுறையும் மாற்றப்பட்டது. தன் கையில் இருக்கும் வரை அது திறம். எதிரியின் கைக்குப் போனால் அது தீவினை! இதுவே ஆளும் இனத்தின் அளவுகோல்.

1975–76இல் ஆத்திரேலியாவின் இலில்லியும் தாம்சனும் வீசிய பந்துகளால் மேற்கிந்தியர் அடிபட்டு, 5–1 என்னும் கணக்கில் தோற்றுத் திரும்பினர். அப்பொழுது ஆட்டத்தின் அழகு குறித்துக் கண்ணீர் வடித்தவர் எத்தனை பேர்? மேற்கிந்தியரோ அழவில்லை. அணித் தலைவர் கிளைவ் இலாய்டு அத்தோல்வியை எண்ணிப் பார்த்தார். தம் அணியை விரைவுப் பந்தின் மேல் கட்டி எழுப்பினார். 1980 முதல் 1995 வரை ஒரு தொடரிலும் தோலாத அணி அவ்வாறுதான் உருவாயிற்று. 1984இல் இங்கிலாந்து தன் மண்ணிலேயே ஐந்து ஆட்டங்களிலும் தோற்றது. 1991இல், ஆறு பந்து கொண்ட ஒரு வீச்சில் ஒரு மட்டையாளர்க்குத் தலையளவு எழும்பும் பந்து ஒன்று மட்டுமே வீசலாம் என்று உலக மட்டைப்பந்து மன்றம் வரம்பு கட்டியது. மட்டையாளரைக் காப்பதற்கே என்றனர். காப்பது நன்றே. ஆனால் காக்க வேண்டும் என்னும் எண்ணம் எப்பொழுது பிறந்தது, எவர் வெல்லும் பொழுது பிறந்தது என்பதையும் வரலாறு குறித்து வைத்திருக்கிறது.

இன்னொரு சாரார் உளர். இவர்கள் பாராட்டுவது போல் இழிப்பவர்கள். “கருப்பர்க்கு உடல்வலிமை பிறவியிலேயே வாய்த்தது, அதனால் வென்றனர்” என்பர். அறிவும் சூழ்ச்சியும் வெள்ளையர்க்கு. தசையும் எலும்பும் கருப்பர்க்கு என்பது இதன் உட்கிடை. பிறவி வலிமையே வென்றதாயின், 1975–76இல் அதே உடல்கள் தோற்றது எவ்வாறு? 2025 சூலையில் அதே கிங்சுடன் திடலில் மேற்கிந்திய அணி ஆத்திரேலியாவிடம் வெறும் 27 ஓட்டங்களுக்குச் சுருண்டதே. தீவுகளும் அவையே, மக்களும் அவரே, பிறவி வலிமை எங்கே போயிற்று? 1976இல் வென்றது தசையன்று, உறுதி. யமைக்காவின் ஓல்டிங்கும், ஆண்டிகுவாவின் இராபர்ட்சும் இரிச்சர்ட்சும், பார்படோசின் தானியலும் கிரினிட்சும், கயானாவின் இலாய்டும் ஓர் அணியாய் நின்ற ஒற்றுமை. 1958இல் அத்தீவுகள் அமைத்த கூட்டாட்சி 1962இல் உடைந்து போயிற்று. அரசியல் காக்க முடியாத ஒற்றுமையை இவ்வணி காத்தது. இரிச்சர்ட்சின் ஆண்டிகுவா அன்று விடுதலைகூடப் பெற்றிருக்கவில்லை, 1981இல்தான் பெற்றது. நாடு விடுதலை பெறுமுன் நெஞ்சு விடுதலை பெற்றுவிட்டது!

நான்காம் ஆட்டத்தில் கிரெய்க் 116 ஓட்டங்களும், ஆட்டமிழக்காமல் 76 ஓட்டங்களும் எடுத்துத் தம் திறத்தைக் காட்டினார். ஆயினும் மேற்கிந்தியர் 55 ஓட்டங்களில் வென்றனர். ஐந்தாம் ஆட்டம் ஆகத்துத் திங்களில் இலண்டன் ஓவல் திடலில். மழையின்றிப் புல் கருகிக் கிடந்தது. அம்மண்ணில் பந்து எழும்பவில்லை. இரிச்சர்ட்சு 291 குவித்தார், மேற்கிந்தியர் 687. அச்சுறுத்த முடியாத அத்தரையில் ஓல்டிங் என்ன செய்தார்? நேராக, விரைவாக, குறி தவறாமல் வீசினார். 149 ஓட்டங்களுக்குப் பதினால்வர் வீழ்ந்தனர். அணித் தலைவர் கிரெய்க்கின் குறிக்கம்பம் இரண்டு முறையும் சிதறியது. உடலை அடித்தே வென்றனர் என்போர்க்கு இஃதொன்றே போதிய விடை. 231 ஓட்டங்களில் வெற்றி, தொடர் 3–0.

அவ்வாட்டத்தினிடையே, குடியேறிய மேற்கிந்தியர் திரண்டு அமர்ந்து பறையடித்துப் பாடிக் கொண்டிருந்த பக்கமாக நடந்த அந்தோணி கிரெய்க், கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி அவர்கள் முன் தவழ்ந்து காட்டினார். யாரும் அவரைத் தள்ளவில்லை. யாரும் சாட்டை ஓங்கவில்லை. தம் சொல்லின் சுமை தாளாமல் தாமே தவழ்ந்தார். அதைக் கண்டு அம்மக்கள் கல்லெறிந்தனரா? சிரித்தனர், ஆர்ப்பரித்தனர். பின்னாளில் கிரெய்க் தம் சொல்லுக்கு வருந்தினார். அவ்வளவில் அவர்க்குப் பெருமை உண்டு. இன்றும் அச்சொல்லுக்கு வக்காலத்து வாங்கும் பிறர்க்கு அப்பெருமையும் இல்லை.

ஆயினும் ஒன்றை மறத்தல் கூடாது. திடலில் பெற்ற வெற்றி தன்மானத்தின் தொடக்கமேயன்றி முடிவன்று. 1983இல், நிறவெறித் தென்னாப்பிரிக்காவின் பணத்துக்காக, தடையை மீறிப் பதினெண்மர் அளவிலான மேற்கிந்தியர் அங்குச் சென்று ஆடினர். அவர்களை வெள்ளையர்க்கு ஒப்பானவர் என்று வெள்ளையராட்சி ஏற்றுக் கொண்டதாம்! அத்தகைய ஒப்பைத் தாங்கிச் சென்ற ஒருவர், வெள்ளையர்க்கென ஒதுக்கிய தொடர்வண்டிப் பெட்டியிலிருந்து இறக்கிவிடப்பட்டார். விலைக்கு வாங்கிய மதிப்பின் அளவு அவ்வளவே. இரிச்சர்ட்சோ, எத்தனை பெருந்தொகை நீட்டப்பட்டும் செல்ல மறுத்தார். பந்தை எதிர்கொண்ட அதே நெஞ்சு பணத்தையும் எதிர்கொண்டது. முன்னதினும் பின்னதே பெரிது.

இருவர் ஆடும் களத்தில் ஒருவரே வெல்வது கண்டு அழகு கெட்டதே என்று வருந்துவோர், முந்நூறு ஆண்டுகள் ஒருவரே வென்ற வேறொரு களத்தை நினைத்துப் பார்க்கட்டும். அங்கே நடுவரும் அவரே. ஒழுங்குமுறை வகுத்தவரும் அவரே. ஓட்டக் கணக்கு எழுதியவரும் அவரே. அந்த ஆட்டம் ஒருதலையானது என்று அன்று எவரும் எழுதவில்லை. ஓல்டு திராபோர்டில் எழுதப்பட்டது, அந்நெடுங்கணக்கின் எதிர்ப்பக்கத்தில் ஒரே ஒரு வரி.

பிறரை மண்டியிடச் செய்ய எண்ணுபவன், முதலில் தன் முழங்காலைத் தடவிப் பார்த்துக் கொள்ளட்டும்!